நானூறு மீற்றர் உயரத்து வண்டு

பத்மாசனியின் காதைப் பற்றிக் கண்டாவளையில் உலாவும் கதைகளில் பாதியை நம்பினால் போதும். மற்றப் பாதி அதைவிட உண்மை.

நாலு வளவு தள்ளி ஒரு குசினியில் பால் பொங்கப் போவது அவளுக்கு இங்கே கேட்கும். வேலிக்கு மேலால் எட்டி, "அடுப்பைத் தணியுங்கோ" என்பாள். பரந்தன் சந்தியில் பஸ் திரும்புகிற சத்தத்தை வைத்து, இன்றைக்கு எந்தச் சாரதி, அவருக்கும் பெண்சாதிக்கும் காலையில் சண்டையா இல்லையா என்று சொல்லுவாள். சண்டை நாளில் கியர் கரகரவென்று விழுமாம். பெண் பார்க்க வந்த பரமலிங்கம் படலைக்கு வெளியே நின்று தமையனிடம், "படத்தில மூக்குக் கொஞ்சம் பெரிசு போல கிடக்கு" என்று குசுகுசுத்ததை அவள் குசினிக்குள் இருந்தே கேட்டுவிட்டாள். மாப்பிள்ளையின் தேத்தண்ணிக்கு மட்டும் சீனிக்குப் பதிலாக உப்புப் போட்டுக் கொடுத்தாள். அந்த மனிதர் முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டு வரை குடித்தார். அதனால்தான் அவரையே கட்டினாள்.

யுத்த காலத்தில் அந்தக் காது ஊர்ச் சொத்தாகிவிட்டது. வானத்தில் கேட்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் வன்னிச் சனத்திடம் ஒரு பெயர் இருந்தது. கிபிர்க் குண்டுவிமானம் வந்தால் வானம் கிழியும். அதைக் கேட்கப் பத்மாசனி தேவையில்லை, செவிடனும் பங்கர்க் குழிக்குள் பாய்வான். வண்டுதான் சிக்கல். அது ஆளில்லாத சின்ன விமானம். ஒரே சுதியில் ரீங்காரித்துக்கொண்டு ஊருக்கு மேலே வட்டம் போடும். குண்டு போடாது, ஒருத்தரையும் தொடாது. பார்த்துவிட்டுப் போகும். அது போன பிறகு, அது பார்த்த இடத்துக்குக் கிபிர் வரும், இல்லாவிட்டால் ஷெல் வரும். நடுவில் சில நாள் பத்து நிமிஷம் கிடைக்கும், சில நாள் கால் மணித்தியாலம். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, நடக்க ஏலாத கிழவனை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்க அது போதும். ஆனால் வண்டு வந்ததை முதலில் ஒருவர் கேட்டாக வேண்டும்.

பத்மாசனி கேட்டாள். மற்றவர்களுக்குக் கேட்பதற்கு நாலைந்து நிமிஷம் முந்தியே அவளுடைய கழுத்து ஆமையின் கழுத்தைப் போல உள்ளே இழுபடும், வலது காது வானத்துக்குத் திரும்பும், பிறகுதான் வாய் திறந்து "வண்டு" என்பாள். சனம் அவள் வாயைப் பார்ப்பதில்லை, கழுத்தையே பார்க்கும். இடம்பெயர்ந்து போன இடமெல்லாம் அவளுக்குப் பக்கத்தில் தறப்பாள் கூடாரம் கட்ட அடிபட்டார்கள். கட்டுநாயக்கா விமானத்தளத்தில் விமானி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்கிற சத்தமே அவளுக்குக் கேட்கும் என்று யாரோ ஒரு கதையை அவிழ்த்துவிட்டார்கள். அவள் அதை மறுக்கவில்லை. நம்புகிற சனம் கெதியாக ஓடும் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரே ஒரு நாள் அவளுக்குக் கேட்கவில்லை. உடையார்கட்டுப் பக்கம், ஒரு தை மாதம். பக்கத்து வளவில் யாரோ தண்ணீர்ப் பம்பை ஓடவிட்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்குள் வண்டு வந்து, பார்த்து, போயிருக்கிறது. அவளுடைய தம்பி பிரதீபன் அப்போது கிணற்றடியில் நின்றான். அந்த நாளைப் பற்றி அவளைக் கதைக்க வைக்க இன்றுவரை பரமலிங்கத்தாலும் முடிந்ததில்லை.

பிறகு யுத்தம் முடிந்து, முகாமில் இருந்து, ஊருக்கு வந்து, உடுப்புத் தைக்கிற இடத்தில் பொத்தான் வைத்து, முழங்கால் நோக வயலில் களை பிடுங்கி, எல்லோரையும் போலவே அவளும் வருஷங்களை ஓட்டினாள்.

பரந்தனுக்கு அங்கால் ஒரு பழைய நெல் களஞ்சியத்தை வெள்ளையடித்து ஒரு கொம்பனி மோட்டர் செய்யத் தொடங்கியது. உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன மோட்டர். பெண்கள் வரிசையாக இருந்து செப்புக் கம்பியைக் கையால் சுற்றுவார்கள். நெல்லுக்கு மருந்தடிக்கிற ட்ரோனுக்கு என்றார்கள். மருந்து ராங்கியை முதுகில் சுமந்து தோள் தேய்ந்த ஊர் சந்தோஷப்பட்டது. பத்மாசனியும் கம்பி சுற்றப் போனாள்.

மூன்றாம் கிழமை, சோதனை மேசையில் ஓடிக்கொண்டிருந்த மோட்டர்களைத் தாண்டிப் போனவள் நின்றாள்.

"தம்பி, அந்த மூண்டாவதுக்குள்ள ஒரு குண்டு சொத்தை."

பொறியியலாளர் அனோஜன் சிரித்தான். வவுனியா ரவுணில் பிறந்து கொழும்பில் படித்த இருபத்தாறு வயதுப் பிள்ளை. மெசின் அந்த மோட்டரைச் சரி என்று காட்டியது. ஆனாலும் கழற்றினான். பெயாரிங்குக்குள் ஒரு குண்டில் தலைமயிர் அளவு கீறல் இருந்தது. அன்றோடு அவளுக்குக் கம்பி சுற்றும் வேலை போய்க் காது வேலை வந்தது. அவளுக்கென்று ஒரு படிவம் அச்சடித்தார்கள். இரண்டு கட்டம்: கேட்கிறது, கேட்கவில்லை. கீழே கையெழுத்து. அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டியும் ஆணி அடித்து மூடப்படாது.

பிறகு அவளை வயலுக்குக் கூட்டிப் போனார்கள். ட்ரோனை நூறு மீற்றருக்கு ஏற்றி, "கேக்குதா அக்கா?" என்பான் அனோஜன்.

"கேக்குது. விசிறி நுனி விசில் அடிக்குது."

நுனியை வளைத்தார்கள். இருநூறுக்கு ஏற்றினார்கள்.

"கேக்குது. விசில் போட்டுது. அடியில ஒரு முனகல் கிடக்கு."

முனகலுக்கு ரப்பர் வைத்தார்கள். அவள் சொல்லச் சொல்ல அவர்கள் திருத்த, ஆறு மாதத்தில் அழுகிற பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டி நித்திரையாக்குவது போல அந்த மோட்டரை அவள் அடக்கிவிட்டாள். அவளுக்கு அதில் பெருமை. வீட்டில் பரமலிங்கத்துக்குச் சோறு போடும்போதெல்லாம் மோட்டரின் சுகம் சொல்லுவாள்.

ஆடி மாதத்தில் நானூறு மீற்றர் என்றார்கள். அன்று வந்தது மருந்தடிக்கிற நாலு விசிறி ட்ரோன் இல்லை. இரண்டு நீளச் செட்டையும் பின்பக்கம் ஒரே ஒரு விசிறியும் உள்ள வேறு ஒன்று. ஏறியது. வட்டம் போட்டது. பத்மாசனியின் கழுத்து, பதினாறு வருஷத்துக்குப் பிறகு, தானாக உள்ளே இழுபட்டது.

"வண்டு," என்றாள்.

"எங்க?" என்று அனோஜன் தன் சேட்டுத் தோளைத் தட்டினான்.

அவனில் பிழையில்லை. வவுனியா ரவுணில் வண்டு என்றால் அரிசி வாளிக்குள் ஊர்கிற சாமான். அன்று பின்னேரமே களஞ்சியம் முழுக்க வண்டுக்கு மருந்து அடிப்பித்தான். சோதனை அறிக்கையில், நானூறு மீற்றரில் வண்டு போல மெல்லிய சத்தம் என்று ஆங்கிலத்தில் எழுதி வாங்குகிறவர்களுக்கு அனுப்பினான். அங்கே அந்தச் சொல் தேனாக இனித்திருக்கிறது. வண்டு என்று நினைக்கிற சனம் அண்ணாந்து பார்க்காதல்லவா? இன்னும் கொஞ்சம் குறைத்தால் காரியம் முடிந்தது, புது விசிறிகளை இத்தோடு அனுப்புகிறோம், எங்கள் ஆள் பின்னால் வருவார், அந்த அம்மாவை ஆயத்தமாக வைத்திருங்கள் என்று பதில் வந்தது.

அனோஜன் அதைப் பாராட்டுப் பத்திரம் போல அவளுக்கு வாசித்துக் காட்டினான். அவள் கதிரையை இழுத்துப்போட்டு அவன் முன்னால் இருந்தாள்.

"தம்பி, நானூறு மீற்றர் உயரத்தில நிண்டு மருந்தடிச்சா அது ஆருடைய வயலுக்குப் போகும்? யாழ்ப்பாணத்தானுக்குத்தான் போகும்."

அனோஜன் கணினியைப் பார்த்தான்.

"சரி, அதை விடுங்கோ. சத்தம் கேக்கக்கூடாது எண்டு நிக்கிறியள். நெல்லுக்குக் காது இருக்கோ?"

"இது வேற ஓடர், அக்கா. மருந்தடிக்கிறேல்லை. படம் எடுக்கிறது."

"ஆருடைய படம்?"

"அது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் மோட்டர் மட்டும்தான் செய்யிறம். செட்டை ஒரு நாட்டில செய்யினம், கமரா இன்னொரு நாட்டில. எங்க கொண்டுபோய்ப் பூட்டுகினம், எங்க பறக்க விடுகினம் எண்டது எங்கட அலுவல் இல்லை."

"வண்டும் படம்தான் எடுத்தது," என்றாள் பத்மாசனி.

அப்போதுதான் வண்டு என்றால் என்ன என்று அவனுக்குச் சொன்னாள். பெரிதாக விரித்துச் சொல்லவில்லை. வரும், பார்க்கும், போகும், பிறகு மற்றது வரும். அவன் மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினான்.

"உங்களால உதை நிப்பாட்டேலாதோ?" என்று கேட்டாள்.

"நான் நிப்பாட்டினா என்னை நிப்பாட்டுவினம், அக்கா. அடுத்த கிழமை வேற ஒருத்தன் உந்தக் கதிரையில இருப்பான்."

வந்திருந்த பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே இரண்டு விசிறி. முதலாவது முந்தியதைவிடச் சத்தம் குறைவு. இரண்டாவது அகலம், மெதுவாகச் சுற்றுவது. அது பற்றரியைக் கெதியில் குடித்துவிடும், கனநேரம் பறக்க விடாது. அதனால் வாங்குகிறவர்களுக்கு முதலாவதில்தான் விருப்பம். ஆனால் முதலாவது பத்மாசனிக்குக் கேட்டால் இரண்டாவதைப் பூட்டச் சொல்லித்தான் கட்டளை.

இரண்டாவதை மேசையில் பூட்டி ஓடவிட்டான். இரண்டு முழம் தள்ளி நின்றவளுக்குக் காற்று வீசுவது மட்டும்தான் கேட்டது. கடதாசிகள் பறந்தன, சத்தம் இல்லை.

"உங்களுக்குக் கேக்காட்டி உலகத்தில ஒருத்தருக்கும் கேக்காது," என்றான் அனோஜன். "அதுக்குத்தான் அந்த ஆக்கள் உங்களைத் தேடி வாறது."

அந்தக் கிழமை முழுக்க அவள் அதைத்தான் உருட்டிக்கொண்டிருந்தாள். வேலையை விட்டுப் போனால், நேர்மையான வேறு யாரோ வந்து கேட்கிறது என்று எழுதுவார்கள். தான் நேர்மையாக எழுதினாலும் அதேதான். இரண்டாவது விசிறி பறக்கும், கீழே எந்தக் கழுத்தும் இழுபடாது. பொய் எழுதினால் முதலாவது விசிறி போகும். பாஷை தெரியாத ஏதோ ஒரு ஊரில், அவளைப் போல ஒருத்திக்கு அது கேட்கும். எப்படிப் பார்த்தாலும் அந்தச் சாமான் பறக்கத்தான் போகிறது, அவளுடைய கையெழுத்தோடுதான் போகப்போகிறது. அந்தப் பத்து நிமிஷத்தை வைத்திருப்பதா எடுத்துவிடுவதா என்பது மட்டும்தான் அவள் கையில் இருந்தது.

வந்தவர் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு நெடுவல் மனிதர். மரியாதையானவர். எல்லோருக்கும் ஒரு பிஸ்கற் ரின் கொண்டுவந்திருந்தார். காலை ஒன்பது மணிக்கு வயலில் கூடினார்கள். நெல் குடலைப் பருவம், சோளகக் காற்று அதை அலையலையாகப் படுக்க வைத்து எழுப்பிக்கொண்டிருந்தது. தொப்பிக்காரரிடம் சத்தம் அளக்கிற மீற்றரும் இருந்தது. ஆனால் அதற்கு நெல்லுச் சரசரப்பும் மோட்டர்ச் சத்தமும் ஒன்றுதான், பிரித்துச் சொல்லத் தெரியாது. பிரிப்பதற்கு மனிதக் காது வேண்டும்.

முதலில் காதைச் சோதித்தார். அவளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, முப்பது அடி பின்னால் போய் இரண்டு விரலை உரசினார். பத்மாசனி கையைத் தூக்கினாள். மணிக்கூட்டைக் கழற்றிப் பிடித்தார். தூக்கினாள். காது நல்ல காது என்று அவருக்குத் திருப்தி.

"இனி எப்ப ஏத்துவினம் எண்டு சொல்லமாட்டினம், அக்கா," என்றான் அனோஜன். "கேட்ட உடன கையைத் தூக்குங்கோ." பிறகு குரலைத் தணித்தான். "அவர் கையைப் பாக்கமாட்டார். முந்தி ஒருக்கா நான் விசர்த்தனமா எழுதிப்போட்டன், எங்கட அக்காவுக்குக் கேட்டா முதல்ல கழுத்துத்தான் சொல்லும் எண்டு."

தொப்பிக்காரர் வந்து அவளுக்குப் பக்கவாட்டில், கழுத்து நன்றாகத் தெரிகிற மாதிரி நின்றுகொண்டார்.

பத்மாசனி கண்ணை மூடினாள். செருப்பைக் கழற்றி, கால்விரல்களைச் சேற்றுக்குள் அழுத்தினாள். மனதுக்குள் பதினேழாம் வாய்ப்பாட்டைத் தொடங்கினாள். ஐந்தாம் வகுப்பில் அவளை அழவைத்த வாய்ப்பாடு அது, வேறு நினைப்புக்கு இடம் விடாது. ஒரு பதினேழு பதினேழு. இரு பதினேழு முப்பத்து நாலு. ஆறு பதினேழில் அது வந்தது.

முந்தியதைவிட மெல்லிசு. காற்றுக்குள் ஒளிந்து ஒளிந்து வந்தது. ஆனால் அதே சுதி, அதே வட்டம். தலைக்கு மேலால் போய், தூரமாகி, திரும்பி வந்தது. பிடரி மயிர் ஒவ்வொன்றாக எழும்பியது. தோள் இரண்டும் காதுகளை நோக்கி ஏற வெளிக்கிட்டன. ஏழு பதினேழு நூற்றுப் பத்தொன்பது. அவள் தோள்களை இறக்கினாள். ஓடு என்று கால் சொன்னது. எட்டு பதினேழு. கையைச் சேலை மடிப்புக்குள் விட்டு நகத்தால் தொடையைக் கிள்ளினாள். ஒன்பது பதினேழு எவ்வளவு என்று மறந்து போயிற்று. தொப்பிக்காரரின் மூச்சு இடது பக்கம் கேட்டது. அவர் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அந்த மூச்சிலேயே தெரிந்தது.

அந்த நேரம் தொபீர் என்று ஒரு சத்தம்.

அது எல்லோருக்கும் கேட்டது. பத்மாசனியும் கண்ணைத் திறந்தாள். பக்கத்து வரம்பில் புல்லு வெட்டிக்கொண்டிருந்த மாயாண்டியைக் காணவில்லை. அறுபது வயது மனிதர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டில் இருந்து தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கி, இங்கேயே காடு வெட்டி வயல்காரர் ஆனவர். யுத்தத்தில் அவருடைய பங்கர் எப்போதும் பத்மாசனியின் பங்கருக்குப் பக்கத்தில் இருந்தது. இப்போது அவர் வாய்க்காலுக்குள் குப்புறக் கிடந்தார், இரண்டு கையும் பிடரியில்.

தொப்பிக்காரர் வானத்தைப் பார்த்தார். வாய்க்காலைப் பார்த்தார். வரம்பில் இறங்கி விறுவிறுவென்று நடந்தார். அனோஜன் பின்னால் ஓடினான். பத்மாசனி நின்ற இடத்திலேயே நின்றாள். நூறு அடி தள்ளி என்ன கதைக்கிறார்கள் என்று அவளுக்குக் கேட்காமல் போகுமா.

"ஐயா, ஏன் வாய்க்காலுக்குள்ள விழுந்தனீங்கள் எண்டு கேக்கிறார்," என்றான் அனோஜன்.

மாயாண்டி தலையைத் தூக்கினார். முதலில் வானத்தைப் பார்க்கவில்லை, பழக்கத்தில் பத்மாசனியின் கழுத்தைத்தான் தேடினார். அது தென்னங்கன்று மாதிரி நிமிர்ந்து நின்றது. மேலே வண்டு சுற்றிக்கொண்டிருந்தது. அப்படியொரு காட்சியை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். பிறகு தொப்பியைப் பார்த்தார்.

"விழல தம்பி. குளிக்கிறேன்."

"சேட்டோடயோ?"

"சேட்டும் அழுக்குத்தானே."

அனோஜனுக்கு இப்போது வண்டு என்றால் என்ன என்று தெரியும். கிழவர் ஏன் கிடக்கிறார் என்றும் தெரியும். தொப்பிக்காரர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அனோஜன் ஆங்கிலத்தில், இந்த ஊரில் வெயில் ஏறினால் இப்படித்தான் குளிப்பார்கள் என்று சொன்னான். தொப்பிக்காரர் சிரிக்கவில்லை. திரும்பி வந்து, இன்னும் இரண்டு தடவை என்று விரலைக் காட்டினார்.

இரண்டு தடவையும் ஏற்றினார்கள். இரண்டு தடவையும் அவளுக்கு வட்டத்துக்கு வட்டம் கேட்டது. கை எழவில்லை, கழுத்து அசையவில்லை. மாயாண்டி இரண்டு தடவையும் வாய்க்காலிலேயே இருந்து, தண்ணீரை அள்ளி அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டார்.

"நிச்சயமா எண்டு கேக்கிறார், அக்கா," என்றான் அனோஜன். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டான்.

"நெல்லுச் சத்தம்தான் கேக்குது எண்டு சொல்லுங்கோ."

படிவத்தை நீட்டினார்கள். மூன்று இடத்தில் கேட்கவில்லை என்று புள்ளடி போட்டாள். கையெழுத்து வைக்கும்போது பேனை ஒருமுறை நின்றது. பிறகு முழுப் பெயரையும் எழுதினாள். தொப்பிக்காரர் கைகூப்பி நன்றி சொன்னார். இரண்டாவது விசிறி பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை.

வாகனம் புழுதியோடு போன பிறகு மாயாண்டி சேட்டைப் பிழிந்துகொண்டு வரம்பில் ஏறினார்.

"என்னா தங்கச்சி, காது போயிருச்சா?"

"ஓம் அண்ணை. வயசு போகுதெல்லே."

"எனக்குக் கேட்டுச்சே."

"உங்களுக்குக் கேட்டாப் போதும்," என்றாள். அதற்குப் பிறகு வரம்பில் குந்தி, இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, நெடுநேரம் எழும்பாமல் இருந்தாள். மாயாண்டி பக்கத்தில் குந்தினார். பீடியைப் பற்ற வைக்கப் பார்த்தார். அது நனைந்திருந்தது.

புரட்டாதியில் ஓடர் வந்தது. இருநூறு மோட்டர். ஒவ்வொன்றாக அவளுடைய மேசைக்கு வந்தன. ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, காதைக் கொடுத்து, கேட்கவில்லை என்று புள்ளடி போட்டுத் தள்ளினாள். முந்தி நூறுக்கு ஐந்தாறு திருப்பி அனுப்புகிறவள், இந்த முறை ஒன்றைக்கூடத் திருப்பவில்லை.

பெட்டி அடுக்கும்போது அனோஜன் சும்மா ஒன்றை எடுத்து விரலால் சுண்டிக் காதுக்குப் பக்கத்தில் பிடித்தான். அவனுக்கே கேட்டது, உள்ளே குண்டு கரகரத்தது. திரும்பிப் பத்மாசனியைப் பார்த்தான். அவள் அடுத்த மோட்டரை எடுத்து மேசையில் பூட்டிக்கொண்டிருந்தாள். அவன் தன் கையில் இருந்ததை மற்றவற்றோடு பெட்டிக்குள் வைத்து, மூடியைப் போட்டு, ஆணியும் சுத்தியலும் கொண்டுவரச் சொன்னான்.